பின்னாடி குந்தியிருக்குற ஆளு

இந்த சாக்பீஸு இன்னையோட உங்களுது. குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் குந்துங்க. "செக்கிங் எப்டி பண்றதுன்னு புதுப் புள்ளைங்களுக்கு சொல்லிட்டுப் போ ஸ்டெல்லா"ன்னு மொதலாளி சொன்னாரு. செக்கிங்ல சொல்லிக் குடுக்க பெருசா ஒன்னும் இல்ல. பிளேன கையில எடுங்க. றெக்க ரெண்டும் ஒரே மட்டமா இருக்குதா பாருங்க. பெயிண்டு வழிஞ்சிருக்குதா பாருங்க. அப்பறம் காதுகிட்ட வெச்சு குலுக்குங்க. உள்ள லொடலொடன்னு சத்தம் வந்தா ரிஜெக்ட்டு. அடி வயித்துல சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டு அந்த ஷெல்ப்புல வெச்சிருங்க. அவ்ளோதான் வேல.

நான் சொல்ல வந்தது வேற. சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்குது. ஆனா நீங்க எப்டியும் கேள்விப்படுவீங்க. டீ டைம்ல எவனாவது சொல்லுவான், கொஞ்சம் சேத்தும் சொல்லுவான். அதுக்கு நானே சொல்லிடறேன்.

இங்க செய்யறது எல்லாம் மர பிளேனு, வெளிநாட்டுக்காரங்க வூட்டுல அழகுக்கு வெச்சுக்கறதுக்கு. எல்லாமே அந்தக் காலத்து உலகச் சண்டையில பறந்த பிளேனுங்க. அதுல கருப்பா இருக்குது பாருங்க, அதெல்லாம் ராத்திரி சண்ட போடுற பிளேனு. இருட்டுல தெரியக் கூடாதுன்னு கருப்பு. இதெல்லாம் எனக்கு வந்த புதுசுல தெரியாது. நான் அஞ்சாவது தான் படிச்சேன், பிளேன மானத்துல பாத்ததோட சரி. செக்கிங்ல குந்த வெச்ச மொத வாரம், கருப்பு பிளேனு மூக்குல கம்பி கம்பியா நீட்டிக்கினு இருந்துச்சு. எவனோ வெட்டாம வுட்டுட்டான்னு நெனச்சு, கட்டிங் பிளேயர எடுத்து ஒரு தட்டு பிளேனுக்கும் மூக்க ஒட்ட நறுக்கி வெச்சுட்டேன். மொதலாளி தலையில கைய வெச்சுக்கினு குந்திட்டாரு.

"யக்கா, அது பிளேனோட மூக்குத்தி. அத போய் அறுத்துட்டியே"ன்னு எந்தம்பி தான் சிரிச்சான். அந்தக் கம்பி தான் இருட்டுல எதிரிய மோப்பம் புடிக்கற கம்பியாம். அவன் தான் ராத்திரி எல்லாம் குந்தி திருப்பி ஒட்டிக் குடுத்தான். ஒரு வார்த்த என்ன திட்டல.

எந்தம்பி பேரு அந்தோணி. நீங்க பாத்ததில்ல. அதோ அந்த ஜன்னலோரம் இருக்குற பெஞ்சு அவனுது. மரத்துல பிளேனு ஒடம்ப ரெண்டு பாதியா செதுக்கி, உள்ள கொடைஞ்சு, சீட்டு வெச்சு, பைலட்ட குந்த வெச்சு, ரெண்டு பாதியையும் சேத்து ஒட்டுவான். ஒட்டுன எடமே தெரியாது. நான் தான் மொதலாளிகிட்ட சொல்லி அவன இங்க சேத்து வுட்டேன். அவன் செய்வான், நான் குலுக்குவேன். அக்கா தம்பி லைனுன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க.

இந்த வருசம், தொண்ணூத்தொன்னு, மழைக்கு முன்னாடி ஒரு பெரியவரு வந்தாரு. தொப்பி போட்டுக்கினு, கொடைய ஊனிக்கினு. பரங்கிமலைக்காரரு, சட்டக்காரரு, அதான் ஆங்கிலோ இந்தியரு. கழுத்து ஒரு பக்கமா குனிஞ்சே இருக்கும், நம்மள பாக்கறதுக்கு கண்ண மட்டும் மேல தூக்குவாரு. ஒரே ஒரு கருப்பு பிளேனு வேணும்னாரு. மொதலாளி தனி பீஸு செய்யமாட்டாரு, ஆனா அவரு யாரோ தெரிஞ்சவங்க சொல்லி வந்தவரு. செரின்னு அந்தோணிகிட்ட அனுப்பினாரு.

"நீ பிளேன்ல போயிருக்கியா மேன்?"ன்னு பெரியவரு கேட்டாரு.

"பஸ்ஸுலயே படியில தான் சார் போயிருக்கேன்."

அவரு சிரிச்சாரு. ஸ்டூல இழுத்துப் போட்டுக் குந்திட்டாரு. சண்டையப்ப அவரு அந்த பிளேன்ல பறந்தவராம். கல்கத்தா மேல. ரெண்டு எஞ்சின் வெச்ச பிளேனு. முன்னாடி ஒரு வெள்ளக்காரன் ஓட்டுவான், பின்னாடி, முதுகு மேல ஒரு கண்ணாடிக் குமிழு இருக்குது பாருங்க, அதுக்குக் கீழ இவரு.

"அவனுக்கும் எனக்கும் நடுவுல இரும்புக் கதவு மேன். அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. என் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. வெளிய ஒரே இருட்டு. எங்கிட்ட ஒரு பொட்டி, அதுல பச்சையா ஒரு வெளிச்சம் ஆடிக்கினு இருக்கும். அத குனிஞ்சு பாத்துக்கினே இருக்கணும். எதிரி பிளேனு எங்க கீதுன்னு அதுல தான் தெரியும். நான் அவன் காதுல சொல்லுவேன். கொஞ்சம் ரைட்டு. இன்னும் ரைட்டு. மெதுவா. மெதுவான்னு சொன்னனே, மெதுவா. அவன் போவான்."

"ஏன்னு கேக்க மாட்டாரா சார்?"

"கேட்டா செத்தோம்."

"எங்கக்காவா இருந்தா, ஏன்டா ரைட்டு, லெப்டுல இன்னா கேடுன்னு கேட்டுட்டு தான் சார் திரும்பும்"ன்னான் அந்தோணி. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் தான் சிரிச்சேன்.

அப்பறம் அவரு ஒரு கத சொன்னாரு. சண்ட முடியறப்ப புதுசா மர பிளேனு வந்துச்சாம், நெஜமாலுமே மரத்துல செஞ்சு பசை போட்டு ஒட்டுனது. "நம்ம ஊரு வெயிலும் மழையும் பட்டதும் பசை வுட்டுப் போச்சு. எறக்கி வெச்சுட்டாங்க எல்லாத்தையும். நீ ஒட்டறத நல்லா ஒட்டு மேன்." அந்தோணி நெஞ்சுல கைய வெச்சு, "என் பசை வுடாது சார்"ன்னான்.

போறப்ப தான் விசயத்த சொன்னாரு. முன்னாடி குந்தி ஓட்டுனவரு இப்ப ஆஸ்திரேலியாவுல படுத்த படுக்கையா கீறாராம். இவரோட மக அந்த ஊருல தான் இருக்குது, இவரு அங்கியே போயிடப் போறாரு. போன ஒடனே அந்த மனுசன் கையில இந்த பிளேன குடுக்கணும். "கடையில விக்கறதுல எல்லாம் பைலட்டு மட்டும் தான் கீறான். பின்னாடி குமிழு காலி. நீ அங்க என்னையும் வைப்பே இல்ல?"

"வைக்கறேன் சார்."

அவரு போனதும் மொதலாளிகிட்ட அந்தோணி கேட்டான். "டிராயிங்ல பைலட்டு மட்டும் தான்டா. அந்தக் குமிழு வழியா இன்னா தெரியப் போவுது? ஒரு பீஸுக்குத் தனியா ஆளு செதுக்கிக்கினு இருந்தா லைனு நின்னுடும். வேணாம்"னுட்டாரு. இவனும் செரி சார்னான். அதோட முடிஞ்சுதுன்னு நான் நெனச்சேன்.

மழ புடிச்சுக்கிச்சு. செட்டுக்குள்ள எல்லாம் ஈரம், பசை காயவே காயாது. ஒரு சனிக்கெழம சாயங்காலம், அனுப்ப வேண்டிய சரக்கு நெறைய. மொதலாளி என் பின்னாடியே நின்னுக்கினு இருந்தாரு. பெரியவரு பிளேனு கையில வந்துச்சு. றெக்க சரி, பெயிண்டு சரி. காதுல வெச்சு குலுக்கினேன். லொடக்குன்னுச்சு.

"டேய் அந்தோணி, இன்னாடா இது?"

கையில உப்புத்தாளோட ஓடியாந்தான். "யக்கா, அத வுடு. அது தனி ஆர்டரு. நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்த பாத்துக்குவ? உள்ள மரத்துண்ட வுட்டுட்டு மூடி வெச்சிருக்க."

"துண்டு இல்லக்கா."

"பின்ன இன்னா, எலி கீதா உள்ள?"

அவ்ளோ பேரும் சிரிச்சாங்க. அவன் மொதலாளிய ஒரு பார்வ பாத்தான், என்ன ஒரு பார்வ பாத்தான். "அப்பறமா சொல்றேன்க்கா"ன்னான், மெதுவா.

"இன்னா அப்பறம்? வூட்டுலயும் அரகொற, இங்கயும் அரகொற. உன்ன சேத்து வுட்டதுக்கு எனக்குத் தான் அசிங்கம்."

சொல்லிட்டு, அவன் பாக்கப் பாக்க சாக்பீஸால பெருக்கல் குறி போட்டேன். அழுத்திப் போட்டேன். மொதலாளி முன்னாடி, தம்பின்னு கூட பாக்காத ஆளுன்னு பேரு வாங்கணும்னு எனக்கு இருந்துச்சு. மத்தவங்க சிரிச்சது கூட எனக்கு அப்போ நல்லா தான் இருந்துச்சு. அத தான் என்னால தாங்க முடியல. கோவத்துல சொன்னா கூட பரவால்ல. நான் கோவத்துல சொல்லல.

அன்னிக்கு வூட்டுல அவனுக்கு சோத்த போட்டு தட்ட தள்ளி வுட்டேன். "யக்கா, அது இன்னா தெரியுமா"ன்னு ஆரம்பிச்சான். "எங்கிட்ட பேசாத"ன்னுட்டு திரும்பிப் படுத்துட்டேன். மறுநாளு ஞாயித்துக்கெழம. பூசைக்குக் கெளம்பறப்ப ஆளக் காணோம், சைக்கிளக் காணோம். கோயில்ல முட்டி போட்டுக்கினு கூட அவன மனசுக்குள்ள திட்டிக்கினு தான் இருந்தேன், பூசைக்கு வராம ஊரு மேயப் போயிட்டான்னு.

பெரும்பூதூரு கடத்தெருவுக்குப் போயிருக்கான். திரும்பி வர்ற வழியில, ரோட்டுல, லாரி. நான் கோயில வுட்டு வெளிய வர்றப்ப தான் ஆளு வந்து சொன்னாங்க.

அத பத்தி நான் பேசப் போறதில்ல.

ஆஸ்பத்திரியில அவன் சட்டைய குடுத்தாங்க. பையில ரெண்டு ட்யூபு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி. ரெண்டையும் கலந்து ஒட்டுற பசை, தண்ணி பட்டாலும் வுடாதுன்னு சொல்லுவாங்களே, அது. நசுங்கக் கூட இல்ல. வூட்டுல நாற்காலி கால் ஒடைஞ்சு கெடந்துச்சு, அதுக்குத் தான் வாங்கியிருக்கான்னு அம்மா சொல்லி அழுதுச்சு. மாதா படத்துக்குப் பின்னாடி எடுத்து வெச்சுட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு தான் வேலைக்கு வந்தேன். வந்த வாரமே பெரியவரு வந்துட்டாரு. மறுநாளு அவருக்கு ஆஸ்திரேலியாவுக்குப் பிளேனு. மொதலாளிக்கு வேற வழி இல்ல. அந்தோணி இல்லாம புதுசா செய்ய ஆளு கெடையாது. ரிஜெக்ட்டு ஷெல்ப்புல இருந்து அந்த பீஸ எடுத்து தூசி தட்டி, டேபிளு மேல வெச்சுட்டாரு. என்ன தனியா கூப்ட்டு, "சும்மா சத்தம் தான வருது. யாரு குலுக்கிப் பாக்கப் போறாங்க"ன்னாரு.

"எங்க அந்தப் பையன்?"ன்னு தான் பெரியவரு மொதல்ல கேட்டாரு. மொதலாளி சொன்னாரு. பெரியவரு தொப்பிய கழட்டிக் கையில வெச்சுக்கினாரு. அப்பறம் பிளேன தூக்கி, வெளிச்சத்துல புடிச்சு, அந்தக் குமிழு கிட்ட கண்ண வெச்சுப் பாத்தாரு. இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு.

"பைலட்டு குந்திக்கினு கீறான்"ன்னாரு. "நான் எங்க?"

செட்டுல இருந்த அத்தன பேரும் மொதலாளியப் பாத்தோம்.

"சார், டிராயிங்ல வந்து..."ன்னு மொதலாளி இழுத்தாரு.

"அந்தப் பையன் வைக்கறேன்னு சொன்னான்." அப்பறம் என்னப் பாத்தாருன்னு நெனைக்கறேன், கொரல எறக்கினாரு. "பரவால்ல, வுடு. சின்னப் பையன். மறந்திருப்பான்."

செத்தவன் வந்து பதில் சொல்ல முடியுமா? "எந்தம்பி மறக்க மாட்டான் சார்"ன்னு சொல்லி, அவரு கையில இருந்து பிளேன வெடுக்குன்னு வாங்கிட்டேன். வாங்குன வேகத்துல உள்ள சத்தம் கேட்டுச்சு. லொடக்குன்னு.

துண்டு இல்லக்கான்னானே. அப்போ தான் எனக்கு ஒறச்சுது.

குமிழு ஓட்ட சின்னது, அந்த வழியா எடுக்க முடியாது. ஒடம்ப ஒட்டுன எடத்துல பொளக்கணும். பிளேட எடுத்தேன். மொதலாளி ஓடியாந்தாரு. "வேணாம் ஸ்டெல்லா. பொளந்தா பீஸு போச்சு. சாருக்கு நாளைக்குப் பயணம்." அவரு சொன்னதுக்காக நான் நிக்கல. வேற ஒன்னு என் கைய புடிச்சுது. அவன் கடைசியா மூடுனது அது. அவன் வெரலு ரெண்டு பாதியையும் அமுக்கிப் புடிச்சுக்கினு இருந்த எடம் அது. அத அறுத்துட்டா அப்பறம் அவன் ஒட்டுனதுன்னு எங்கிட்ட ஒன்னும் இருக்காது. ஆனா அறுக்கலன்னா, மறந்துட்டான்னு பேரு இருக்கும்.

அறுத்தேன். ஒட்டுன எடத்த கண்டுபுடிக்கவே நேரமாச்சு. அவ்ளோ சுத்தமா ஒட்டியிருந்தான், நான் அரகொறன்னு சொன்னவன்.

வாலு பக்கம் கெடந்துச்சு. சுண்டுவெரலு நுனி அளவு ஒரு ஆளு. கழுத்து ஒடைஞ்சு போச்சுன்னு தான் நான் மொதல்ல நெனச்சேன். ஒடையல. குனிஞ்ச மாதிரி செதுக்கியிருக்கான். மடியில ஒரு பொட்டி, அத பாத்துக்கினு. நம்ம பைலட்டுங்க எல்லாருக்கும் மூஞ்சியில ரோஸ் கலரு தான் அடிப்போம், இதுக்கு மட்டும் மாநெறமா கலந்து அடிச்சிருந்தான். ஆளு அடியில வெள்ளையா நம்ம செட்டு பசை, மழ ஈரத்துல வெடிச்சு வுட்டுப் போயிருந்துச்சு. மூடுனப்பறம் தான் அது வுட்டிருக்கணும். லொடக்குன்னது இன்னான்னு அவனுக்குத் தெரியும். மொதலாளி நிக்கறப்ப எப்டி சொல்லுவான்?

பெரியவரு உள்ளங்கையில வெச்சுப் பாத்தாரு. அவரு கழுத்து குனிஞ்சு இருக்குது, அதுவும் குனிஞ்சு இருக்குது. "கலரு கூட கரெக்ட்டு மேன்"ன்னாரு. யாருகிட்ட சொன்னாருன்னு தெரியல. மொதலாளி தலைய தொங்கப் போட்டுக்கினு வெளிய போயிட்டாரு.

நான் வூட்டுக்கு ஓடுனேன். மாதா படத்துக்குப் பின்னாடி இருந்து அந்த ரெண்டு ட்யூபையும் எடுத்துக்கினு வந்தேன். நாற்காலி காலுக்கு இல்ல அது. நான் போட்ட பெருக்கல் குறிக்காக, அந்த ஆள திருப்பி ஒட்ட வாங்கினது.

கலந்தேன், ஆள சீட்டுல வெச்சேன், ரெண்டு பாதியையும் சேத்து அவன் மாதிரியே அமுக்கிப் புடிச்சுக்கினு குந்தியிருந்தேன். காயற வரைக்கும் பெரியவரு பக்கத்துலயே டீ குடிச்சுக்கினு இருந்தாரு. "நாங்களும் சண்ட போடுவோம்"ன்னாரு, நான் கேக்காமலே. "நாறத் திட்டிக்குவோம். ஆனா கீழ எறங்கி டீ குடிக்கறப்ப தான். மேல இருக்கறப்ப அவன் சொல்றத நான் நம்பணும், நான் சொல்றத அவன் நம்பணும்."

எனக்கும் அந்தோணிக்கும் அந்த டீ கெடைக்கல.

காஞ்சதும் கருப்பு தொட்டு அடிச்சேன். கோடு தெரிஞ்சுது, அவன் கை இல்ல என் கை. காதுகிட்ட வெச்சு குலுக்குனேன். சத்தமே இல்ல. நல்ல பீஸு. எத்தனயோ பீஸு குலுக்கியிருக்கேன், சத்தம் வரலன்னா சந்தோசமா இருக்கும். அன்னிக்குத் தான், ஒரு தடவ வந்துடாதான்னு மறுபடியும் குலுக்குனேன்.

பெரியவரு வாங்கி, திருப்பி, அடியில பாத்தாரு. "இது இன்னா?"ன்னாரு. என் பெருக்கல் குறி. கருப்பு பெயிண்டு சரியா காயறதுக்குள்ள அழுத்திப் போட்டிருக்கேன், உள்ள எறங்கியிருச்சு. தொடச்சும் போகல.

மொதலாளி திரும்பி வந்திருந்தாரு. "அது செக்கிங் மார்க்கு சார். ஓகேன்னு அர்த்தம்"ன்னாரு சட்டுன்னு.

எல்லாரும் என்னப் பாத்தாங்க. அன்னிக்கு சிரிச்சவங்க தான் அத்தன பேரும்.

"இல்ல சார்"ன்னேன். "அது ரிஜெக்ட்டு மார்க்கு. நான் போட்டது. பீஸு மேல தப்பு இல்ல. நான் தான் கேக்காம போட்டேன். மேல பெயிண்டு அடிச்சு மறச்சுக் குடுக்கறேன், இருங்க."

"டைம் இல்ல. வுடு"ன்னாரு. துண்ட விரிச்சு பிளேன சுத்திக்கினாரு. தொப்பிய போட்டுக்கினு போயிட்டாரு. மன்னிச்சுட்டாரா, கோவமா, ஒன்னும் தெரியல. அங்க படுத்துக் கெடக்குற மனுசன் கையில வாங்கித் தடவுனா, அடியில என் குறி தட்டுப்படும்.

அதுக்கப்பறம் என்னால இந்த பெஞ்சுல குந்த முடியல. சத்தம் வந்தா ரிஜெக்ட்டு போட வேணாம்னு நான் சொல்லல. போடுங்க. அதுக்கு முன்னாடி செஞ்சவனக் கூப்ட்டு, தனியா, யாரும் இல்லாதப்ப, உள்ள இன்னா இருக்குதுன்னு கேளுங்க. அப்பறமா சொல்றேன்னு சொன்னா, சாக்பீஸ கீழ வெச்சுட்டு, அந்த அப்பறம் வர்ற வரைக்கும் இருங்க.

இப்ப மொதலாளியே சொல்லிட்டாரு, கருப்பு பிளேனு எல்லாத்துலயும் ரெண்டாவது ஆள வைக்கணும்னு. அந்தோணி பெஞ்சு தான் இனிமே எனக்கு. ஆளுங்கள நான் தான் செதுக்கறேன். இதோ, தட்டுல இருக்குது பாருங்க. ஒன்னும் சரியில்ல. தூங்கற மாதிரி இருக்குது, இல்ல கழுத்து ஒடைஞ்ச மாதிரி இருக்குது. குனிஞ்சு பாக்கற மாதிரி வர மாட்டேங்குது. பாத்து செய்யலாம்னா அவன் செஞ்சது ஒன்னே ஒன்னு. அத நானே உள்ள வெச்சு ஒட்டிட்டேன்.